மாடியில் பள்ளம், கொடியில் முகமூடி: எல்லையோர வீடுகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

செங்கோட்டை, பிரானூர், புளியரை, மலை ஏறி இறங்கினால் கேரளத்து ஆரியங்காவு. இந்த வட்டாரத்தில் 'சூப்பர்ஹீரோ கோளாறு' என்று வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால் குரங்கு, சாரல், மருமகன் மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும். மிச்சம் இருப்பவைதான் நிஜக் கோளாறு. எது எந்த வகை என்று பிரித்தறிய இந்த வழிமுறை.

உங்கள் அறிகுறியைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழே வரிசை தவறாமல் பாருங்கள். காசு செலவில்லாத காரணம் மேலே, கையைக் கடிப்பது கீழே. ஹீரோவைக் கூப்பிடுவது எந்த அறிகுறிக்கும் கடைசிப் படி. அவர் வந்தால் கோளாறு தீரும், சுற்றுச்சுவர் மிஞ்சாது. எல்லையைக் காக்க ஏற்கெனவே கோட்டைவாசலில் கருப்பசாமி இருக்கிறார், அவர் யார் வீட்டு ஓட்டையும் உடைத்ததில்லை.

கைவசம் இருக்க வேண்டியவை: டெஸ்டர், ரப்பர் செருப்பு, காய்ந்த மரக்கம்பு, சாக்பீஸ், கால் கிலோ சிமென்ட், மெல்லிய கண்ணாடித் துண்டு இரண்டு, வண்டியின் ஆர்.சி. நகலும் பாலிசி நகலும்.

அறிகுறி 1: பீஸ் அடிக்கடி போகிறது

*கரண்ட் மட்டும் போகிறது, வேறு எதுவும் தெரியவில்லை என்றால்*

முதலில் வெளியே வந்து சர்வீஸ் வயரைப் பாருங்கள். ஆனி, ஆடிச் சாரலில் தென்னமட்டை வயரில் உரசிக்கொண்டிருக்கும். தரையில் நின்று பார்ப்பதோடு சரி. இரும்புத் துரட்டியால் மட்டையை இழுக்கப் போனால் ஷாக் உங்களுக்கு, சக்தி யாருக்கும் வராது. தமிழ்நாட்டுப் பக்கம் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மலைக்கு அந்தப் பக்கம் 1912.

வயர் சுத்தமாக இருந்தால் லோடு. மோட்டார், ஹீட்டர், கிரைண்டர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகிறதா? ஒன்றை நிறுத்திப் பாருங்கள். பீஸ் கட்டையில் கம்பி மெல்லியது என்று ஆணியையோ செம்புக் கம்பி முறுக்கையோ வைக்காதீர்கள். பீஸுக்குப் பதில் வீட்டு வயரிங் எரியும்.

டிரிப் சுவிட்ச் விழுந்தால் வேறு வழி. வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவது. எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் ஆள். மழைக்காலத்தில் பத்துக்கு எட்டு வீட்டில் அது மாடி லைட்டாகத்தான் இருக்கும்.

*கரண்ட் போகும்போது வராந்தாவில் ஒரு கை மட்டும் மிதக்கிறது என்றால்*

இது இரும்புக்கை வகை. 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாக மாயாவியைத் தமிழில் படித்தவர்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். விவரம் இவ்வளவுதான்: உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக் கை மட்டும் மறையாது, கொஞ்ச நேரத்தில் மறைவு கலைந்துவிடும். ஆக அவருக்கு வேண்டியது உங்கள் நகை அல்ல, உங்கள் பிளக் பாயின்ட்.

சோதனை: இரவு படுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டவில்லை என்றால் அவர் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கிறார். வெளிப்புறப் பிளக்குகளுக்கு மூடி போட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மெயின் அணைத்தும் சிமிட்டினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள், அல்லது மீட்டர் கோளாறு. மாயாவியாக இருந்தாலும் மாடி வீட்டுக்காரராக இருந்தாலும் இது மின்வாரியத்தின் வேலை, சீலில் கை வைக்காதீர்கள்.

கையைத் தொட வேண்டாம். தள்ளியே ஆக வேண்டும் என்றால் ரப்பர் செருப்பும் காய்ந்த கம்பும். ஈரக் கம்பு உதவாது.

அறிகுறி 2: மொட்டை மாடியில் 'தொம்' என்று சத்தம்

*ஒரு முறை 'தொம்', பிறகு உருளும் சத்தம்:* தேங்காய்.

*இரண்டு மூன்று 'தொம்', பிறகு பிளாஸ்டிக் இழுபடும் சத்தம்:* குரங்கு. குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முதலில் வேறெதையும் சந்தேகப்படக் கூடாது. தண்ணீர்த் தொட்டி மூடியைப் பாருங்கள். விளிம்பில் ஈர விரல் தடம் நாலு, மூடி இரண்டடி தள்ளி மல்லாக்கக் கிடக்கும், தண்ணீரில் பாதி கடித்த கொய்யா மிதக்கும். ஹீரோக்கள் கொய்யாவை மிச்சம் வைப்பதில்லை. மூடியில் இரண்டு ஓட்டை போட்டு ஜிஐ கம்பியால் கட்டிவிடுங்கள்.

*ஒரே ஒரு 'தொம்', வீடே அதிர்ந்தது, பிறகு அமைதி:* தரையிறக்கம். ஒரு முழங்கால், ஒரு கை, ஒரு பாதம் ஊன்றி இறங்குவது இவர்கள் வழக்கம். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மொத்த வேகமும் மூன்று சிறிய இடத்தில் இறங்குவதால் மேலே பதித்த தட்டோடு தூளாகி, அடியிலுள்ள கான்கிரீட்டும் வாங்கிக்கொள்ளும். ஓட்டு வீடு என்றால் ஆய்வே வேண்டாம், ஆள் நேரே அடுப்படியில் இருப்பார்.

கான்கிரீட் மாடியில் பார்க்க வேண்டியவை, இதே வரிசையில்:

1. கீழே அறைக்குள் நின்று கூரையைப் பாருங்கள். பூச்சு மட்டும் உதிர்ந்ததா, கம்பி தெரிகிறதா? கம்பி தெரிந்தால் மற்ற சோதனை வேண்டாம், 5-க்குப் போங்கள்.

2. நீண்ட கம்பால் கூரையின் அடியில் தட்டுங்கள். 'டங்' என்றால் பிடிப்பு இருக்கிறது. 'டொப்' என்று பொத்தல் சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள், அதன் அடியில் கட்டில் போடாதீர்கள்.

3. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் உருண்டை அப்பி ஒட்டுங்கள். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதி கீறிவிடுங்கள். பழைய கொத்தனார் முறை, செலவு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் நின்றுவிட்டது, பூசிக்கொள்ளலாம். உடைந்திருந்தால் விரிசல் இன்னும் நடக்கிறது.

4. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் காலி பண்ணுங்கள். நிறைந்த தொட்டி ஒரு டன் எடை. ஹீரோ உடைக்காமல் விட்ட கூரையைத் தொட்டி உடைத்த கதை உண்டு.

5. கம்பி தெரிகிறது, கண்ணாடி உடைந்தது, கதவு திடீரென்று நிலையில் சிக்குகிறது. மூன்றில் ஒன்று இருந்தாலும் கொத்தனாரை விட்டுவிட்டு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த அறையைப் பூட்டி வையுங்கள். முட்டுக் கொடுக்கத் தெரிந்த சென்ட்ரிங் ஆள் சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துத் தாங்கலாம். 'நான் வேண்டுமானால் தூக்கிப் பிடித்திருக்கிறேன்' என்று ஹீரோ சொன்னால் ஏற்காதீர்கள். நடுவில் வேறு ஊரில் ஆபத்து வந்துவிடும்.

மார்வெல் காமிக்ஸ் உலகத்து நியூயார்க்கில் இடிபாடு அள்ளுவதற்கென்றே 'டேமேஜ் கன்ட்ரோல்' என்று ஒரு கம்பெனி 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. இங்கே டிப்பர்தான். முன்கூட்டியே நடைக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

அறிகுறி 3: நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை

காரணங்கள் விலைவாசிப்படி: மைத்துனர் எடுத்துப் போயிருக்கிறார் (போன் போடுங்கள்). தவணை பாக்கி, பைனான்ஸ்காரர் எடுத்திருக்கிறார் (உண்மையை நீங்களே அறிவீர்கள்). தடை செய்த இடம், போலீஸ் எடுத்திருக்கிறது. திருட்டு. கடைசியாகத்தான், யாரோ தலைக்குமேல் தூக்கி யார்மேலோ எறிந்திருக்கிறார்.

கடைசிக் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: டயர் தடமே இல்லாமல் வண்டி போயிருக்கும், அரை மைலுக்குள் ஒரு மரத்தில் இருக்கும். இந்தப் பழக்கம் 1938-இல் சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழின் அட்டையிலேயே தொடங்கிவிட்டது. அந்தப் படத்தில் அவர் கையில் இருப்பது ஒரு கார்தான். வண்டிக்காரர் யார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.

*புளியரையில் நிறுத்திய வண்டி ஆரியங்காவில் விழுந்திருந்தால்*

இங்குள்ளவர்களுக்கென்றே வந்த சிக்கல் இது. இந்த ஸ்டேஷனில் 'விழுந்தது கேரளாவில்' என்பார்கள், அங்கே 'எறிஞ்சது தமிழ்நாட்டில் அல்லே சேட்டா' என்பார்கள். அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நகலை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கிடையாது.

*இன்சூரன்ஸ்*

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள், உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது. ஃபுல் கவர் இருந்தால் கலவரம், தீய நோக்கத்தோடு செய்த சேதம், பயங்கரவாதம், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் உண்டு. போரும் அணுவும் கிடையாது. சிக்கலே இந்த இரண்டு சொல்லில்தான்.

'வேற்றுக்கிரகத்தார் படையெடுப்பு' என்று எழுதினால் போர் என்று தள்ளிவிடுவார்கள். ஹல்க் என்று எழுதினால் இன்னும் மோசம். அவர் 1962-இல் காமா குண்டுச் சோதனையில் மாட்டி உருவானவர் என்பது சர்வேயருக்கும் தெரியும், அணு என்று கோடு போட்டுவிடுவார். 'அடையாளம் தெரியாத நபர் வாகனத்தைத் தூக்கி எறிந்தார்' என்று ஒரே வரி. பொய்யில்லை, முழுக் கதையும் இல்லை. பச்சை நிறத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

சர்வேயர் பார்க்கும்வரை வண்டியை மரத்திலிருந்து இறக்காதீர்கள். நாலு பக்கமும், நம்பர் பிளேட்டும், மரமும் தெரிய படம் எடுங்கள். இறக்குவதற்குப் பிரானூர் மரக்கடைப் பக்கம் கிரேன்காரரைக் கேட்கலாம். தடி தூக்கிப் பழகிய கை, மேற்கொண்டு நசுங்காது.

அறிகுறி 4: வீட்டில் ஒருவர் தினமும் சொல்லாமல் மறைகிறார்

*மதியம் இரண்டுக்குக் கிளம்பி நாலரைக்கு வாடிய முகத்தோடு வருகிறார் என்றால்:* லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-லேயே ஒழித்தாயிற்று, மலைக்கு அந்தப் பக்கம் அரசே நடத்துகிறது. மூன்று மணிக் குலுக்கலைப் பார்த்துவிட்டு வருகிறார். சட்டைப்பையைத் துவைக்கும் முன் சோதியுங்கள். மருமகன் என்றால் மாமியார் கேட்க வேண்டாம், மாமனார் கேட்கட்டும்.

*ராத்திரி போகிறார், விடியும்போது உடம்பெல்லாம் சிராய்ப்பு:* ரப்பர் பால் வெட்டப் போகிறாரா என்று கேளுங்கள். அங்கே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வேலை தொடங்கும்.

*கண்ணாடி போட்டால் ஒரு ஆள், கழற்றினால் வேறு ஆள் போலத் தெரிகிறார்:* உங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேன் கண்ணாடி போட்டு வேலை பார்க்கும் மெட்ராபொலிஸ் நாளிதழ் ஆபீசில் எண்பது வருடத்துக்கு மேலாக யாரும் கண் டாக்டரிடம் போகவில்லை, அதனால் வந்த வினை அது.

*சிலந்தி கடித்தது என்கிறார்:* சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம். வீக்கம் பரவினால், மூச்சு இளைத்தால் அரசு மருத்துவமனை. கடித்தது பாம்பா சிலந்தியா என்று தெரியாவிட்டால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு 108. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். 1962-இல் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கருக்குக் கதிரியக்கச் சிலந்தி கடித்துச் சுவர் ஏறும் சக்தி வந்தது என்பதற்காக, சுவரில் ஏறிக் காட்டச் சொல்லிப் பார்க்கக் கூடாது.

*துவைக்கிற துணியில் முகமூடி, பேண்டுக்கு மேலே போடுகிற ஜட்டி:* சரி, இது நிஜம். தனியாகத் துவையுங்கள், சாயம் போகும். மாடிக் கொடியில் காயப் போடாதீர்கள். எதிரி முதலில் வருவது கொடியைப் பார்த்துத்தான், ஹீரோவிடம் போக மாட்டான், உங்களிடம் வருவான். இனி சித்தி, அத்தை, காதலி ஆகியோர் தனியாகப் பாலத்துப் பக்கம் போவதை நிறுத்த வேண்டும். ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி 5: உயரத்திலிருந்து விழுகிறீர்கள், ஹீரோ பிடிக்க வருகிறார்

இதில் மட்டும் நேரம் குறைவு, முன்னாடியே படித்து வையுங்கள்.

1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியை நியூயார்க் பாலத்திலிருந்து எதிரி தள்ளிவிட்டபோது, அவர் வலை வீசிக் காலைப் பிடித்தார். பிடித்தது சரி. சட்டென்று நின்றதில் கழுத்து முறிந்துவிட்டது. விழுவதை விடச் சடாரென்று நிற்பதுதான் ஆளைக் கொல்லும்.

கணக்கு இது. 45 மீட்டர் விழுந்தால் மூன்று வினாடி, மணிக்கு 100 கி.மீ.-க்கு மேல் வேகம். அரை மீட்டரில் நிறுத்தினால் உடம்பு தாங்க வேண்டியது தன் எடையைப் போல் 90 மடங்குக்கு மேல். 60 கிலோ ஆளுக்கு அது ஐந்தரை டன். அதையே 15 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் மூன்று நாலு மடங்குதான், ராட்டினத்தில் போன மாதிரி முடிந்துவிடும்.

ஆகவே கத்த வேண்டியது 'காப்பாத்துங்க' அல்ல. 'கூடவே கீழ வாங்க அண்ணாச்சி, மெதுவா நிறுத்துங்க!' மூன்று வினாடியில் சொல்லி முடித்துவிடலாம். இரும்புக் கையை நீட்டி ஏந்த வந்தால் மறுத்துவிடுங்கள், அதற்கும் தரைக்கும் வித்தியாசம் இல்லை. வலைக்காரர் என்றால் ஒற்றை நூல் காலில் வேண்டாம், முதுகு முழுக்க விரித்த வலை.

தரைக்கு வந்தபின் வலி இல்லாவிட்டாலும் கழுத்தை அசைக்காமல் படுத்திருங்கள். செல்பி எடுக்க எழுந்திருக்காதீர்கள். 108 வந்து காலர் போடட்டும்.

அறிகுறி 6: இறந்தவர் திரும்பி வந்துவிட்டார்

*அவர் இறக்கவே இல்லை, ரேஷன் கார்டில் மட்டும் இறந்திருக்கிறார் என்றால்:* இதுதான் அதிகம் நடப்பது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஆளையே நேரில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

*எரித்துக் காடாற்றிய பிறகு வாசலில் நிற்கிறார் என்றால்:* அசலா, நகலா, பக்கத்துப் பிரபஞ்சத்து ஆளா என்று பார்க்க வேண்டும். தழும்பு, மச்சம் எல்லாம் நகலிலும் இருக்கும். நம்பகமான சோதனை பண விஷயம். தான் கொடுத்த கடனைப் பைசா சுத்தமாக நினைவு வைத்து, வாங்கியதை மறந்திருந்தால் அசல். வாங்கிய கடனைத் தானாகத் திருப்பித் தர வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

முகமூடித் தொழிலில் இருந்தவர்கள் திரும்புவது வழக்கம்தான். சூப்பர்மேன் 1992 நவம்பரில் செத்து அடுத்த வருடமே வந்தார். பேட்மேனின் இரண்டாவது ராபின் ஜேசன் டாட் சாக வேண்டுமா என்று 1988-இல் வாசகர்களிடம் போனில் வாக்கெடுத்தார்கள். 5,343-க்கு 5,271, வெறும் 72 வாக்கில் போனார். அவரும் 2005-இல் வந்துவிட்டார். பெரியப்பா, சித்தப்பா வகையறா மட்டும் போனால் போனதுதான். பீட்டரின் பென் பெரியப்பாவுக்காக இலை போட்டு வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

காகித வேலை: மரணத்தை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வீட்டு ஆள் ஹீரோ என்றால் அவசரப்பட்டு மறுநாளே ஓடாமல் இருபதாம் நாள்வரை பொறுக்கலாம். பதிந்தபின் வந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆம் பிரிவில் பதிவை ரத்து செய்ய வழி உண்டு. இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால் வக்கீல் இல்லாமல் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள்.

அறிகுறி 7: வானத்தில் வட்ட வெளிச்சம்

பேட்மேனுக்கான அழைப்பு அல்ல, கொடை விழா லைட்டு. படம் வௌவால் போலத் தெரிந்தால் கண்ணாடியில் நிஜ வௌவால் ஒட்டியிருக்கிறது. துடைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 8: காலையில் எழுந்தால் உலகமே மாறியிருக்கிறது

நேற்றுவரை கல்யாணமான ஆள் இன்று பிரம்மச்சாரி, தெருவில் பாதிப் பேருக்கு வயது குறைந்திருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன் இருக்கும் டி.சி. காமிக்ஸ் உலகத்தில் 1985-86-இல் ஒரு முறை, 2011 செப்டம்பரில் ஒரு முறை இப்படி எல்லாவற்றையும் அழித்து எழுதினார்கள்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதில் பயம் தேவையில்லை, பழக்கம்தான். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறினார்கள், வீடு நகரவில்லை. 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டத்துக்கு. 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் தண்டவாளம் போய், 2018-இல் அதே மலையில் அகல ரயில் வந்தது. பெரியவர்களுக்கு மூன்றும் நினைவிருக்கிறது, ஆகவே நினைவழிப்பு இந்த ஊரில் சரியாகப் பிடிப்பதில்லை. சந்தேகம் வந்தால் எண்பது தாண்டிய ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.

சோதனை வரிசை: முதலில் காலண்டர், பிறகு ஆதாரில் முகவரி, பிறகு பட்டா, கடைசியாக வில்லங்கச் சான்று. நிலம் அதே சர்வே எண்ணில் அதே பெயரில் இருந்தால் மற்ற மாற்றங்களோடு வாழ்ந்துகொள்ளலாம். திருவிதாங்கூர் காலத்து மூலப்பத்திரம் இருந்தால் லேமினேஷன் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள். மாறிய உலகத்துக்கு எதிரான சாட்சி அது ஒன்றுதான்.

சர்வே எண்ணோ பெயரோ மாறியிருந்தால் தாலுகா ஆபீஸ். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கள்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனுவில் 'பிரபஞ்சம் மாறிவிட்டது' என்று எழுத வேண்டாம், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். 'பெயர்த் திருத்தம்' என்று எழுதுங்கள்.